ஒட்டுவதற்கு முன், பிரிப்பதை யோசியுங்கள்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலோ குரோம்பேட்டையிலோ ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போய், குடும்பப் படங்களை வைத்து ஸ்கிராப்புக் செய்ய வேண்டும், என்னென்ன வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் எடுத்துப் போடுவதில் பாதிக்கு மேல் ஒட்டுகிற பொருட்களாகத்தான் இருக்கும்: வெள்ளைப் பசை, குளூ ஸ்டிக், இருபக்கமும் ஒட்டும் டேப், ஸ்டிக்கர், கிளிட்டர் பசை, பின்பக்கம் உரித்து ஒட்டும் ஃபோம் ஷீட். வாங்குபவரும் எது கெட்டியாகப் பிடிக்கும் என்றுதான் கேட்கிறார். என் கட்சி இதற்கு நேர்மாறானது. காலத்துக்கும் வைத்திருக்க நினைக்கும் காகித வேலையில், வைத்ததைப் பின்னால் சேதமில்லாமல் வெளியே எடுக்க முடிகிறதா என்பதே ஒரு பொருளின் முதல் தகுதி. பசை, தாள், பேனா, உறை, ஊசிநூல் என்று எதை வாங்கினாலும் இந்த ஒரு கேள்வியை வைத்தே நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடலாம். தாம்பரம், பல்லாவரம், முடிச்சூர், மேடவாக்கம் என்று சென்னைக்குத் தெற்கே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியமானது.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொஞ்சம் பழைய குடும்பங்களின் பீரோவில் இரண்டு வகை ஆல்பங்கள் இருக்கும். ஒன்று 1950களிலும் 60களிலும் வாங்கியது: கறுப்புத் தாள், பக்கங்களுக்கு நடுவே மெல்லிய பட்டர் பேப்பர், கறுப்பு வெள்ளைப் படங்களின் நான்கு மூலையிலும் முக்கோணக் 'கார்னர்'. இன்னொன்று 80களிலும் 90களிலும் பரவியது: கெட்டி அட்டையில் வரிவரியாகத் தடவிய பசை, அதன்மேல் உரித்து மூடும் பிளாஸ்டிக் தாள். வயதில் மூத்தது முதல் வகை. ஆனால் இன்றைக்குப் படத்தை முழுசாக வெளியே எடுக்க முடிவது அதிலிருந்துதான். படத்தை லேசாக வளைத்தால் கார்னரிலிருந்து கழன்று வந்துவிடும். பின்பக்கம் தாத்தா எழுதிவைத்த பெயரையும் தேதியையும் படிக்கலாம். இரண்டாவது வகையில் பசை பழுப்பேறி, படத்தின் முதுகோடு இறுகிப்போயிருக்கும். மேல் தாள் பிவிசி பிளாஸ்டிக்காக இருந்தால், அதிலிருந்து கசிவது படத்தின் முகத்தில் பிசுபிசுக்கும். இழுத்தால் படம் கிழியும்; விட்டுவைத்தால் கறை ஏறும். அந்தக் கறுப்புத் தாள் உயர்ந்த சரக்கு என்று சொல்ல வரவில்லை. அவற்றில் பல மலிவான, அமிலம் கலந்த தாள்கள்தாம். தாள் சுமாராக இருந்தும் படங்கள் தப்பியதற்குப் பெரிய காரணம், படத்தின்மேல் பசை படவே இல்லை என்பது.

ஸ்கிராப்புக் என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ் வீடுகளில் அந்த வேலை நடந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களை மணியம் வரைந்த ஓவியங்களோடு பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துத் தொகுதிகளாகக் கட்டிவைத்த குடும்பங்கள் ஏராளம். பின்னால் வந்த எத்தனையோ தொடர்கதைகளுக்கும் அதே கவனிப்பு கிடைத்தது. அந்தத் தாள் பத்திரிகைத் தாள். பழுப்பாகி, ஓரம் பொடிவது அதன் விதி. ஆனாலும் எழுபது ஆண்டு கடந்து பல தொகுதிகள் இன்னும் கையில் எடுத்துப் படிக்கும் நிலையில் இருக்கின்றன. பைண்டர் பயன்படுத்தியது ஊசி, நூல், காலிகோ துணி, அட்டை, கொஞ்சம் மாவுப் பசை. பக்கங்களை நூல் பிடித்திருக்கிறது. எழுத்தும் படமும் இருக்கிற இடத்தில் பசை இல்லை. நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம். அதே காலத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய பக்கங்களைப் பார்த்தால் டேப் உதிர்ந்துபோய், அது இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு பழுப்புப் பட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தக் கறை தாளின் மறுபக்கம் வரை ஊறியிருக்கும், எதனாலும் போகாது.

இனி இந்த ஊரின் காற்றுக்கு வருவோம். மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கில் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் காலைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 65, 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் தொடர்ந்து நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், பசை இளகும், மாவுச்சத்தைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். இது ஆண்டுதோறும் நடப்பது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை வேறு கணக்கு. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரை மீறி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்களை மூழ்கடித்தது. பட்டா, கல்விச் சான்றிதழ், குடும்ப அட்டை போனவர்களுக்கு நகல் வழங்க அரசு அந்த டிசம்பரிலேயே சிறப்பு முகாம்கள் நடத்தியது. கல்யாணப் படத்துக்கும், இறந்துபோனவர் கைப்பட எழுதிய கடிதத்துக்கும் நகல் தர எந்த அலுவலகமும் இல்லை. அதனால்தான் குடும்ப ஆல்பம் செய்கிறவர், அலுவலகக் கோப்பைப் பேணுகிறவரைவிட அதிகக் கவனத்தோடு பொருட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தைக் காப்பாற்றும் முறையைக் கவனித்தால், பிரிக்க வருவது ஏன் முக்கியம் என்பது இன்னும் தெளிவாகும். ஸ்டுடியோவில் கழுவிப் போட்ட படங்கள் சில மணி நேரத் தண்ணீரைத் தாங்கும். ஒன்றோடொன்று ஒட்டியபடி காய்ந்துவிட்டால்தான் சேதம் நிரந்தரமாகிறது. ஆகவே ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் காற்றாடப் பரப்ப வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். கார்னரில் வைத்த நூறு படங்களைக் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம். இருபக்க டேப்பில் ஒட்டிய நூறு படங்களை அந்த அவசரத்தில் எடுக்க யாராலும் முடியாது.

அப்படியானால் படத்தைப் பிடித்து வைக்க எதை வாங்குவது? கடையில் கார்னர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கையால் செய்துகொள்ளலாம், இந்தக் கைவேலையில் இதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை. ஒன்றேகால் செ.மீ. அகலமும் ஐந்து செ.மீ. நீளமும் உள்ள நல்ல தாள் பட்டை ஒன்றை வெட்டிப் படுக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து இடது பாதியைச் சாய்வாகக் கீழே மடியுங்கள். வலது பாதியையும் அப்படியே மடித்தால் இரண்டும் நடுவில் சந்தித்து, மேலே செங்கோண முனை ஒன்று உருவாகும். திருப்பினால் முன்பக்கம் மழமழவென்ற முக்கோணம், பின்பக்கம் இரண்டு வால்கள். படத்தின் மூலை முக்கோணத்துக்கும் வால்களுக்கும் இடையே செருகி நிற்கும். பசையை வால்களின் பின்பக்கம் மட்டும் தடவி ஆல்பத் தாளில் அழுத்தினால் போதும். படத்தின்மேல் ஒரு சொட்டுப் பசையும் படாது. கடைக் கார்னரைவிட இதில் இன்னொரு வசதி, ஒடுங்கிய பழைய பாஸ்போர்ட் படத்துக்குச் சின்னதாகவும் கல்யாண குரூப் போட்டோவுக்குப் பெரிதாகவும் அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வால்களை ஒட்டும் பசைக்கு மாவைக் காய்ச்சினாலே போதும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெண்மை மாறிக் கண்ணாடி போல் ஆகும்; அப்போது இறக்கிவிடலாம். ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. காய்ந்த பிறகும் ஈரத் துணியை வைத்தால் இளகி வந்துவிடுவதுதான் இதன் பெருமை. நம் பைண்டர்கள் பூச்சிக்குப் பயந்து இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். கணக்குப் புத்தகத்துக்கு அது பொருந்தும். ஆனால் செம்பு உப்பு தாளின் நாரை அரிக்கத் துணைபோகும், அது விஷமும்கூட. படம் வைக்கும் ஆல்பத்துக்கு, பிள்ளைகள் கைபடும் வீட்டில், துத்தம் வேண்டாம். பசையை மெல்லியதாகத் தடவி நன்றாக உலரவிட்டாலே பாதிப் பூச்சித் தொல்லை குறையும். நம் பேச்சில் பசைக்கே மறுபெயராகிவிட்ட ஃபெவிகால் 1959இல் தச்சர்களுக்காக வந்த சரக்கு. இரண்டு பலகைகளை இனிப் பிரியாதபடி இணைப்பதற்காக உருவான அந்த வகைப் பசை, தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது. ஆல்பத்தின் அட்டையையும் காலிகோவையும் சேர்க்க அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உள்ளே, படத்துக்குப் பின்னால், அதற்கு இடமில்லை.

தாளைப் பற்றி ஓர் எளிய சோதனை சொல்கிறேன். ஒரு துண்டுச் செய்தித்தாளையும் நீங்கள் வாங்க நினைக்கும் வண்ணத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பாதியை ஒரு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். செய்தித்தாளின் திறந்த பாதி மஞ்சளாகியிருக்கும். மரக்கூழில் தங்கிவிட்ட லிக்னின் என்ற பொருள் ஒளியில் மாறுவதால் வருவது அது. உங்கள் தாளும் அதே கதியானாலோ, சாயம் வெளுத்தாலோ அது ஆல்பத்துக்கு ஆகாது. இன்னொரு எதிரி அமிலம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மோரிட்ஸ் இல்லிக் என்பவர் மை ஊறாமல் தடுக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது உலகமெங்கும் பரவியதால்தான் அடுத்த நூற்றைம்பது ஆண்டுப் புத்தகங்களில் பெரும்பகுதி நொறுங்குகின்றன. நமக்கு எட்டும் தூரத்திலேயே நல்ல மாற்று இருக்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடம் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்துவருகிறது. பருத்தி நாரில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லை என்பதால் மஞ்சளாகும் பயம் குறைவு. தாம்பரத்திலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பேருந்துப் பயணம். சென்னைக் கடைகளிலும் கைத்தாள் கிடைக்கும். மொத்தமாக வாங்குபவர்கள் ரயிலேறிப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால், அழைப்பிதழ்க் கடைகளுக்கு நடுவே தாள் வியாபாரிகளிடம் ஜிஎஸ்எம் சொல்லியே வாங்கலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். எனவே ஜெராக்ஸ் கடையில் புழங்கும் 75 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஐந்து கிராமுக்கும் குறைவு. படங்களைச் சுமக்கும் பக்கத்துக்கு அது போதாது. 200க்கு மேல் கேளுங்கள்.

வெட்டும் கருவிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். முனையை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர்மை பெறும் கட்டர் 1950களில் ஜப்பானில் உருவானது. இன்றும் அதற்கு மேல் ஒன்று தேவைப்படவில்லை. மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாள், மழுங்கிய பிளேடில் வெட்டுப்படாமல் பிய்ந்துபோகும் என்பதால் முனையை ஒடிக்கக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைக் கட்டர் சீவிவிடும். எஃகு ஸ்கேல் வாங்குங்கள். பணத்தை மிச்சப்படுத்தி ஒரு குத்தூசி, பெரிய கண் உள்ள தையல் ஊசி, மெழுகில் இழுத்த பருத்தி நூல் ஆகியவற்றில் போடுங்கள். பக்கங்களைத் தைக்கும்போது முதுகுப் பக்கம் இடையிடையே இரண்டு செ.மீ. தாள் பட்டைகளையும் சேர்த்துத் தைத்தால், படங்கள் ஏறிய பிறகு ஆல்பம் வாய் பிளந்து நிற்காது. பஞ்ச் செய்து திருகாணி போட்டுக் கட்டும் வகையும் நல்லதே; ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். அழுத்தி வைக்கக் கனமான பொருள் வேண்டுமென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடிப் பாருங்கள். பழைய இஸ்திரிப் பெட்டியைப் போல் தோதான எடை கிடைப்பது அரிது.

எழுதுவதிலும் இதே நியாயம்தான். ஜெல் பேனா, ஸ்கெட்ச் பேனா மைகளில் பல ஈரம் பட்டவுடன் கரைந்து ஓடும், வெயிலில் வெளுக்கும். சாதாரண பென்சில் எழுத்து தண்ணீருக்கு அசைவதில்லை, நூறு ஆண்டானாலும் வெளுப்பதில்லை, தவறானால் அழிக்கலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் முதுகில் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதலாம். இன்றைய ஸ்டுடியோ பிரிண்ட்டின் முதுகு பிளாஸ்டிக் பூச்சு என்பதால் பென்சில் பிடிக்காது. விவரத்தை ஆல்பத் தாளில் படத்துக்குக் கீழே எழுதுங்கள். பேனாவே வேண்டுமென்றால் பிக்மென்ட் மை உள்ள வரைபேனா கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர்களில் மிகப் பரவலான தவறு ஒன்று இருக்கிறது: லேமினேஷன். தெருவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பதால், பழைய படம் என்றாலே லேமினேட் செய்துவிடுகிறார்கள். சூடான உருளைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உருகித் தாளின் நாருக்குள் இறங்குகிறது. அதை இனி யாராலும் பிரிக்க முடியாது. ஓரம் லேசாக விட்டுக்கொடுத்தால் ஈரம் உள்ளே புகும், உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. லேமினேட் செய்ய ஆசையாக இருந்தால் நகலைச் செய்யுங்கள், மூலத்தை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் உறையிலும் வேறுபாடு உண்டு. சான்றிதழைப் பல வருடம் ஃபோல்டரில் வைத்துவிட்டு எடுக்கும்போது, ஜெராக்ஸ் எழுத்துகள் தாளை விட்டு உறையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிவிசி உறை செய்கிற வேலை அது. புது ரெயின்கோட் போல் நெடி அடித்தால் பெரும்பாலும் அதுதான். பாலிபுரோப்பிலீன் உறைகளில் இந்தத் தொல்லை இல்லை. கூடவே, ஹோட்டல் பில், சினிமா டிக்கெட் என்று ஆசையாகச் சேர்ப்பவற்றில் பல தெர்மல் தாளில் அச்சாகின்றன. சில வருடங்களில் எழுத்தே மறைந்துவிடும். வந்த வாரமே ஜெராக்ஸ் எடுத்து அதையும் பக்கத்தில் வையுங்கள்.

இதற்கெல்லாம் செலவு அதிகம் என்பார்கள். வெளிநாட்டு ஆல்பமும் அங்கிருந்து வரும் அமிலமில்லாத டேப்பும் விலை கூடியவைதான். ஆனால் மேலே சொன்ன பட்டியலில் மைதா, நூல், பென்சில், தாள் பட்டை எல்லாமே ஸ்டிக்கர் பாக்கெட்டைவிட மலிவு. கைத்தாள் ஒன்றுக்குத்தான் கூடுதல் காசு. இரண்டாவது மறுப்பு நியாயமானது: பள்ளி புராஜெக்ட்டுக்கும், கொலு அலங்காரத்துக்கும், குவில்லிங் செய்த வாழ்த்து அட்டைக்கும் இத்தனை ஆராய்ச்சி எதற்கு? தேவையில்லை. பத்து நாள் நிற்க வேண்டியதற்குச் சார்ட், கலர் பேப்பர், வெள்ளைப் பசை, கிளிட்டர் எல்லாமே பொருத்தமானவை, அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பொருட்களை அப்படியே தூக்கிப் பாட்டியின் ஒரே படத்துக்குப் பயன்படுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அலங்காரம் செய்தே ஆக வேண்டுமானால் படத்தை ஸ்கேன் செய்து, பிரிண்ட் எடுத்து, அதில் விருப்பம்போல் வெட்டி ஒட்டலாம்.

எல்லாம் கைப்பேசியில் இருக்கும்போது இது யாருக்கு வேண்டும் என்ற கேள்வியும் வரும். கைப்பேசியில் இருப்பது இருக்கட்டும், தாளில் மட்டுமே இருப்பவற்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு. தாம்பரத்திலிருந்து பெரிய தூரமில்லாத தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா புத்தகங்களோடு அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், கடிதம், பத்திரிகைத் துணுக்கு என்று மற்றவர்கள் எறிந்துவிடும் காகிதங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி ஏற்பாடு செய்தது. 1994இல் அது நூலகமானது. தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் இன்று அந்த நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் தேடி அங்கே போகிறார்கள். அங்கே தாள்களைப் படமெடுத்துப் பாதுகாக்கும் வேலையில், ஒவ்வொரு தாளையும் தனியாகக் கையிலெடுத்து விரித்து வைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் வளைகாப்புப் படமும் அப்படிக் கையிலெடுக்க வரும் நிலையில் இருக்க வேண்டுமானால், அடுத்த முறை கடையில் டேப்பை எடுத்துக் கொடுக்கும்போது, கார்னர் இருக்கிறதா என்று கேளுங்கள்.